ட்ரெயினர் உங்க வீட்டுல, குடுமி அவங்க கையில

"வீட்டுல வெச்சு ஓட்ட ஸ்மார்ட் ட்ரெயினர் எது வாங்கலாம்?"னு யாராவது கேட்டா போதும், நம்ம சைக்கிள் மக்களுக்கு சாமி வந்துடும். ஒருத்தர் "துல்லியம் ±1 சதவீதம் இருக்கணும்"பார். இன்னொருத்தர் "2200 வாட்ஸ் தாங்கணும்"பார். மூணாவது ஆள் "20 சதவீத ஏத்தம் காட்டலைன்னா அதெல்லாம் ஒரு ட்ரெயினரா?"ன்னு கேப்பார். கடைசியில, பட்ஜெட் முப்பதாயிரம்னு சொல்லிக்கிட்டு வந்த அப்பாவி ஒரு லட்சத்துக்கு இஎம்ஐ போட்டுட்டு உக்காந்திருப்பார். வாடகைக்கு வீடு பார்க்கப் போயி, தண்ணி வருமான்னு கேக்காம வாசக்கதவு என்ன மரம்னு விசாரிக்கிற கதைதான் இது.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சைக்கிளோட பின்சக்கரத்தைக் கழட்டிட்டு, செயினை நேரா இந்தப் பொட்டியில மாட்டணும் (சக்கரத்தைக் கழட்டாமலே டயரை ஒரு உருளை மேல அழுத்தி வைக்கிற மலிவு ரகமும் உண்டு). உள்ள காந்தத்தால பிரேக் பிடிக்கிற ஒரு ஏற்பாடு. கம்ப்யூட்டர்லயோ போன்லயோ ஓடுற ஆப்பு "இப்போ 5 சதவீத ஏத்தம்"னு சொல்லும், பொட்டி அதுக்கேத்த மாதிரி பெடலை இறுக்கும். நீங்க எத்தனை வாட்ஸ் மிதிக்கிறீங்கன்னு பொட்டி திருப்பிச் சொல்லும். அவ்ளோதான் விஷயம். ஒரு பிரேக்கு, ஒரு சென்சார், ரெண்டு பக்கமும் போற ஒரு பேச்சுவார்த்தை. பிரேக்கையும் சென்சாரையும் பத்தி ஊரே பேசுது. அந்தப் பேச்சுவார்த்தையைப் பத்தி ஒருத்தரும் பேசக் காணோம். பொட்டி தட்டிப் பிழைக்கிறவன், எனக்கு அதுதான் முதல்ல கண்ணுல படுது.

முதல்ல அந்த மூணு எண்ணையும் முடிச்சுடறேன். 200 வாட்ஸ்ல ஒரு சதவீதம்னா 2 வாட்ஸ். முந்தின நாள் ராத்திரி ரிலீஸ் கால்ல உக்காந்திருந்தா காலையில உங்க காலே இருபது வாட்ஸ் கம்மியாத்தான் மிதிக்கும், இதுல பொட்டி ரெண்டு வாட்ஸ் தப்பா சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? தினமும் ஒரே மாதிரி காட்டினா போதும், போன வாரத்தோட இந்த வாரத்தை ஒப்பிட்டுக்கலாம். 2000 வாட்ஸுக்கு மேல மிதிக்கிறதெல்லாம் டிராக்ல ஸ்ப்ரின்ட் அடிக்கிற, ஆளுக்கு ரெண்டு தொடை பனைமரம் மாதிரி இருக்கிற ஆளுங்க. நானெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதிச்சா நாலஞ்சு செகண்ட் 700 வரும், அப்புறம் ஹேண்டில்பார் மேல படுத்துடுவேன். 20 சதவீத ஏத்தமா? கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவையும் உண்மையிலேயே ஏறிட்டு வந்து அப்புறம் பேசுவோம், வாங்க :-)

சரி, பேச்சுவார்த்தைக்கு வருவோம். எங்க டீம்ல ஒரு அண்ணன் இருக்கார். ஓஎம்ஆர்ல விடியக்காலையில ஓட்டிக்கிட்டுப் போனவரை ஒரு கார்காரன் தட்டிட்டுப் போயிட்டான், காரை எலும்பு முறிஞ்சு போச்சு. எலும்பு ஒட்டிக்கிச்சு, ஆனா வீட்டுல ரோட்டுக்கு விட மாட்டேங்கறாங்க. அண்ணி சொல்றதும் நியாயம்தானே. அதனால இனிமே அவருக்கு சைக்கிள்னா ஹால் மூலையில இருக்கப்போற அந்தப் பொட்டிதான். அவருக்குத்தான் இந்த ±1 சதவீதப் பிரசங்கத்தை எல்லாரும் பண்ணிக்கிட்டிருந்தாங்க. ஒரு மனுஷனோட மொத்த சைக்கிளும் ஒரு பொட்டிக்குள்ள போகப்போகுதுன்னா, அந்தப் பொட்டி யார் பேச்சைக் கேக்கும்ங்கிறதுதானே முதல் கேள்வியா இருக்கணும்?

நடந்த கதைகளைக் கேளுங்க. அமெரிக்காவுல ஃப்ளைவீல்னு ஒரு கம்பெனி, வீட்டுக்கு சைக்கிள் வித்துக்கிட்டு கூடவே வீடியோ வகுப்பும் நடத்திச்சு. காப்புரிமை வழக்குல பெலட்டான்கிட்ட மாட்டி, 2020 மார்ச் மாசத்தோட வகுப்புகளை மூடிட்டாங்க. ஆயிரக்கணக்குல காசு கொடுத்து வாங்கின சைக்கிள் மறுநாள் காலையில துணி காயப்போடற கம்பி ஆயிடுச்சு. இரும்பு ஒடையல, மோட்டார் எரியல. பேச ஆள் இல்ல, அவ்ளோதான். அப்புறம் ஒரு புண்ணியவான் அந்த சைக்கிள் ப்ளூடூத்துல என்ன முணுமுணுக்குதுன்னு ஒட்டுக்கேட்டு, ஜிம்னாஸ்டிகான்னு ஒரு மென்பொருள் எழுதினார். ஒரு ராஸ்பெர்ரி பை நடுவுல துபாஷி வேலை பார்த்து, அந்த சைக்கிள் மத்த ஆப்புகளோட பேச ஆரம்பிச்சுது. நல்ல கதைதான். ஆனா அண்ணியை ராஸ்பெர்ரி பை வாங்கி வரச் சொல்ல முடியுமா?

இது ஏதோ திவாலான கம்பெனி கதைன்னு நினைச்சா, 2025 ஜூலைல எச்சலான் பண்ணினதைப் பாருங்க. கடை நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஃபர்ம்வேர் அப்டேட்னு ஒண்ணு அனுப்பினாங்க. அதுக்கப்புறம் சைக்கிள் கிளம்பணும்னாலே அவங்க சர்வர்கிட்ட அனுமதி வாங்கணும். நெட் இல்லைன்னா சும்மா மிதிச்சு எண் பார்க்கிறதுகூட கஷ்டம். அதுவரைக்கும் கியூ.இசட்னு ஒரு ஆப்பு வழியா வேற இடத்துல ஓட்டிக்கிட்டிருந்தவங்க எல்லாரும் நடுரோட்டுல. வாங்கும்போது இருந்த வசதியை, காசை எண்ணி வாங்கிக்கிட்டப்புறம், ராத்திரியோட ராத்திரியா புடுங்கிட்டாங்க. பால்காரன் நேத்து ஊத்தின பாலைத் திருப்பிக் கேட்டா சும்மா விடுவோமா?

இது ரெண்டும் முழு சைக்கிள், ட்ரெயினர் இல்லையேன்னு கேக்கறவங்களுக்கு, ட்ரெயினர் கதையும் இருக்கு. ஸ்விஃப்ட் (மாருதி இல்லீங்க, விர்ச்சுவல் உலகத்துல சைக்கிள் ஓட்டுற ஆப்பு) 2022ல ஹப்புன்னு சொந்தமா ஒரு ட்ரெயினர் விட்டாங்க, விலை 499 டாலர். வாஹூ கம்பெனி "எங்க கிக்கர் கோரைக் காப்பியடிச்சுட்டாங்க"ன்னு வழக்குப் போட்டுது. 2023 செப்டம்பர்ல ரெண்டு பேரும் கைகுலுக்கிக்கிட்டாங்க, அப்புறம் ஹப் விற்பனையும் நின்னு போச்சு. ஆனா ஏற்கெனவே வாங்கினவங்க வீட்டுல இருக்கிற ஹப்புக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல! ஏன்னா அது எல்லாருக்கும் தெரிஞ்ச பொது மொழியில பேசுற பொட்டி. ரூவியில ஓட்டலாம், மைவூஷ்ல ஓட்டலாம். அதே 2023 அக்டோபர் கடைசியில வாஹூ, தான் முந்தின வருஷம் விலைக்கு வாங்கின ஆர்.ஜி.டி.ங்கிற ஆப்பை மூடிச்சு. அதுல ஓட்டிக்கிட்டிருந்தவங்களும் அழுதுட்டு வேற ஆப்புக்குப் போனாங்க, பொட்டி அதேதான். பார்த்தீங்களா, கடை மூடினாலும் சரக்கு செத்துப் போகல.

அந்தப் பொது மொழிக்குப் பேர் எஃப்.டி.எம்.எஸ். ப்ளூடூத் தரங்களை நிர்வகிக்கிற அமைப்பு 2017ல வெளியிட்டது. யாரு வேணும்னாலும் டவுன்லோடு பண்ணிப் படிக்கலாம், அதை வெச்சு ஆப்பு எழுதலாம். அதுக்கு முன்னாடியே ஆன்ட் பிளஸ் எஃப்.ஈ.சி.ன்னு இன்னொண்ணு இருந்துச்சு, இன்னமும் நிறைய பொட்டியில இருக்கு. ஆனா ஆன்ட் பிளஸ் சான்றிதழ் கொடுக்கிற திட்டத்தை 2025 ஜூனோட மூடிட்டாங்க, அதனால புதுசா வாங்கறவங்க ஒண்ணை மட்டும் பார்க்கறதா இருந்தா எஃப்.டி.எம்.எஸ். பாருங்க. பெட்டி மேல கொட்டை எழுத்துல 2200 வாட்ஸ் இருக்கும், இது எங்கேயோ கடைசிப் பக்கத்துல எறும்பு சைஸ்ல இருக்கும். அந்த எறும்புதான் முக்கியம்.

இப்போ ஒரு அனானி வந்து "அடேய், பெரிய கம்பெனி ட்ரெயினர் எல்லாத்துலயும்தான் எஃப்.டி.எம்.எஸ். இருக்கே, அப்புறம் ஏன் கூவற?"ன்னு கேப்பார். நியாயமான கேள்வி. பழைய வேலை எல்லாம் பொது மொழியிலதான் நடக்குது, புதுசா வர்றது எல்லாம் ரகசிய மொழியில வருது, அதுக்குத்தான் கூவறேன். உதாரணம், விர்ச்சுவல் கியர். பின்னாடி பல்லு பல்லா இருக்கிற கேசட்டுக்குப் பதிலா ஒரே ஒரு பல்சக்கரம், ஹேண்டில்பார்ல பட்டனைத் தட்டினா பொட்டியே இறுக்கத்தை மாத்திக்கும். ஸ்விஃப்ட் இதை 2023ல கொண்டாந்தப்போ அவங்க ஆப்புல மட்டும்தான் வேலை செஞ்சுது. அருமையான வசதி, மறுக்கல. வீட்டுல ரெண்டு பேர் ரெண்டு சைக்கிள் வெச்சிருந்தா கேசட் சண்டையே இல்ல. ஆனா பொது மொழியில கியர்னு ஒரு வார்த்தையே கிடையாது. ஆப்பு எழுதறவங்க ஏத்தத்தை ஏத்தி இறக்கி கியர் மாதிரி ஏமாத்தலாம், சில பேர் அதைச் செய்யவும் செய்றாங்க. எல்லா கம்பெனியும் சேர்ந்து அந்த ஒரு வார்த்தையை அகராதியில சேர்த்திருக்கலாம். சேர்த்தா நீங்க வேற கடைக்குப் போயிடுவீங்களே! நுண்ணரசியல், மக்களே, நுண்ணரசியல்.

சந்தாவே கூடாதுன்னு நான் சொல்லல. மென்பொருள் எழுதித்தான் எனக்கும் சோறு. ஸ்விஃப்ட் அமெரிக்க விலையில மாசம் 15 டாலரா இருந்தது 2024ல 20 டாலர் ஆச்சு. வருஷத்துக்கு நம்ம காசு இருபதாயிரத்துக்கு மேல. கொடுக்கிறவங்க சந்தோஷமா கொடுக்கட்டும், நல்ல சரக்கு. என் பேச்சு ஒண்ணுதான்: பிடிக்கலைன்னா விட்டுட்டுப் போற கதவு திறந்திருக்கணும். அந்தக் கதவு திறந்திருக்கிற வரைக்கும்தான் அவங்களும் விலையைப் பார்த்து ஏத்துவாங்க. மைவூஷ் இன்னிக்கு இலவசமா இருக்கு, 2024ல சைக்கிள் இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப்பே அதுலதான் நடந்துச்சு. நாளைக்கு அவங்களும் காசு கேப்பாங்க. அப்போ மூணாவது கடைக்குப் போகணும்.

அதனால அந்த அண்ணன்கிட்ட நான் சொன்னது: பொட்டி வந்த அன்னிக்கே, கடைக்காரன் திருப்பி எடுத்துக்கிற நாள் தாண்டறதுக்குள்ள, ஒரு சோதனை. லேப்டாப்ல கோல்டன் சீட்டா போடுங்க. இலவசம், திறந்த மூலம், எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்ல. வைஃபையை அணைங்க. அக்கவுண்ட் எதுவும் கேக்காம பொட்டி அதோட இணைஞ்சு, நீங்க வாட்ஸை மாத்தினா பெடல் இறுகுதா? இறுகினா அது உங்க பொட்டி. "முதல்ல லாகின் பண்ணுங்க"ன்னு கெஞ்சினா, அது வாடகைப் பொட்டி, திருப்பிக் கொடுத்துடுங்க. ஃபர்ம்வேர் அப்டேட் வந்தா அன்னிக்கே அமுக்காதீங்க. நாலு வாரம் போகட்டும், வேற எவனாவது சூனியம் வெச்சுக்கட்டும், பார்த்துட்டு அமுக்கலாம். நாமளே வெள்ளிக்கிழமை சாயங்காலம் எப்படிப்பட்ட கோடை எல்லாம் தள்ளிவிடறோம்னு நமக்குத் தெரியாதா?

இந்த சோதனையில பாஸ் ஆகிற பொட்டியில உங்க சைக்கிளுக்குப் பொருந்துறது எதுவோ, அதுல விலை கம்மியானதை வாங்குங்க. பொருத்தம்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஆரம்ப விலை ரோடு பைக் பலதுல பின்னாடி 7 கியர் ஃப்ரீவீல்தான் இருக்கும், அதைக் கழட்டி ட்ரெயினர்ல மாட்ட முடியாது. தனியா கேசட் வாங்கணும், 8 கியர் கேசட் போட்டா பெரும்பாலும் ஒப்பேத்திடலாம். இதை எந்த லட்ச ரூபாய் பிரசங்கியும் அந்த அண்ணனுக்குச் சொல்லல. அதே மாதிரி கரண்ட். பல பொட்டிக்கு கரண்ட் போனா இறுக்கம் போயிடும், காத்துல மிதிக்கிற மாதிரி இருக்கும். டாக்ஸ் நியோ நீங்க மிதிக்கிறதுலயே மின்சாரம் எடுத்துக்கிட்டு ஓடும், விலை கேட்டா நமக்குத்தான் கரண்ட் அடிக்கும்.

மிச்சமாகிற காசுல ஃபேன் வாங்குங்க. சும்மா சொல்லல. பெடல்ல 150 வாட்ஸ் போகுதுன்னா, உடம்பு அதைப்போல மூணு நாலு மடங்கை வெறும் சூடா வெளியே தள்ளும். ரோட்டுல மணிக்கு 25, 30 கிலோமீட்டர் காத்து மூஞ்சியில அடிச்சு அதை வாங்கிட்டுப் போயிடும். ஹால்ல யாரு வாங்குவா? அதுவும் மே மாசம் மெட்ராஸ் புழுக்கத்துல வேர்வை காயவே காயாது, சொட்டிக்கிட்டே இருக்கும். நல்ல பெரிய பெடஸ்டல் ஃபேன் ரெண்டு, எதிர்ல ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. கீழ ஒரு தடி ரப்பர் மேட், இல்லைன்னா கீழ் வீட்டு மாமி அசோசியேஷன்ல மனு கொடுத்துடுவாங்க. இந்த மூணும் சேர்த்து கொடுக்கிற சுகத்தை எந்த ±1 சதவீதமும் கொடுக்காது.

அண்ணன் ஒரு நடுத்தர விலை டைரக்ட் டிரைவ் பொட்டி எடுத்தார். கோல்டன் சீட்டா சோதனை பாஸ். இப்போ ஸ்விஃப்ட்ல சந்தா கட்டித்தான் ஓட்டறார், அது அவர் இஷ்டம். இஎம்ஐ பாதியாச்சுன்னு அண்ணி எனக்கு ஒரு டப்பா அதிரசம் கொடுத்து விட்டாங்க.

டிஸ்கி: பிரேக்கும் சென்சாரும்தான் முக்கியம்னு சொல்றவங்க தாராளமா பின்னூட்டத்துல வந்து கும்மலாம். ஆனா உங்க பொட்டியை வைஃபை இல்லாம ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு வாங்க, அப்புறம் கும்முவோம்.