அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் சோலார்: எந்த மீட்டரில் லாபம்? 40 வீட்டுக்கு ஒரு கணக்கு

"மொட்டை மாடி சும்மாதானே கிடக்கு, சோலார் போட்டா என்ன?" சென்னை, கோவை அபார்ட்மென்ட்களின் சங்கக் கூட்டங்களில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கூட்டம் முடியும்போது "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போவதும் வழக்கம். தனி வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் எடுக்கும் முடிவு, அபார்ட்மென்ட்டில் ஏன் இழுக்கிறது?

முதல் சிக்கல் மீட்டர். மாடி ஒன்றுதான், ஆனால் மீட்டர் வீட்டுக்கு ஒன்று. அதோடு லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு லைட்டுக்குப் பொது மீட்டர் தனி. சோலார் தரும் ஒரு யூனிட்டின் மதிப்பு, அது எந்த மீட்டரில் கழிகிறது என்பதைப் பொறுத்து மாறும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடும் வீட்டில், சோலாரால் மிச்சமாகும் யூனிட்டுக்கு 5 ரூபாய்கூட தேறாது. இரண்டு ஏசி ஓடி 900 யூனிட் தாண்டும் வீட்டில், கடைசி யூனிட்களின் விலை 10 ரூபாய்க்கு மேல். 100 யூனிட்டுக்குள் முடித்துவிடும் வீட்டுக்கு சோலாரால் மிச்சம் பூஜ்யம். லிஃப்ட் உள்ள கட்டடத்தின் பொது மீட்டருக்கோ ஸ்லாப் கிடையாது, இலவசமும் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய்க்கு மேல்.

அதனால்தான் அபார்ட்மென்ட்டில் சோலார் பேச்சு பொது மீட்டரில் தொடங்குகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

40 வீடுகள், ஒரு லிஃப்ட், பொது மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 2,500 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு 10 கிலோவாட் சோலார் போதும். நிழல் விழாத இடம் சுமார் 1,000 சதுர அடி வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்றால், இரண்டு மாதத்தில் 2,400 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலே 19,200 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு சுமார் 1.15 லட்சம்.

செலவு? கிலோவாட்டுக்குத் தோராயமாக 60,000 என்றால் 6 லட்சம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொது பயன்பாட்டுக்காக கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அதாவது 1.8 லட்சம். மீதி 4.2 லட்சம், வீட்டுக்கு 10,500 ரூபாய். போட்ட பணம் நாலு வருஷத்துக்குள் திரும்பிவிடும். பேனல் துடைக்க, பராமரிக்க ஆகும் செலவைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். பேனலின் ஆயுள் சுமார் 25 வருஷம். இன்வெர்ட்டரை மட்டும் நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

லாபம் தெளிவாகத்தானே இருக்கிறது? அதையே 40 வீட்டுக்குப் பிரித்தால் மாதத்துக்கு 240 ரூபாய். இந்த 240-க்காக இன்று 15,000 கட்ட வேண்டும். ஆம், 10,500 இல்லை. மானியம் கையில் வருவது பிளான்ட் ஓட ஆரம்பித்த பிறகுதான். முதலில் முழுத் தொகையையும் சங்கம் புரட்டியாக வேண்டும்.

இன்னொரு முடிச்சு, வாடகை வீடுகள். பணம் போடுவது ஓனர். மெயின்டனன்ஸ் குறைந்தால் மிச்சம் வாடகைதாரருக்கு. வெளிநாட்டில் இருக்கும் ஓனர் "எனக்கென்ன லாபம்?" என்று கேட்டால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சங்கத்தின் கார்பஸ் நிதியில் இருந்து எடுத்தால் இந்தச் சண்டை பாதி குறையும்.

"மாடி எனக்குத்தான்" என்று மேல்தளத்துக்காரர் சொன்னால்? 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மொட்டை மாடியைப் பொது இடங்களின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. பழைய கட்டடம் என்றால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

சின்ன கட்டடங்களுக்குக் கணக்கு வேறு. 10 வீடுகளுக்குள், 3 மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023-ல் பொது மின்கட்டணம் 5.50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அந்த விலைக்குப் போட்ட பணம் திரும்ப 5 வருஷத்துக்கு மேல் ஆகும்.

வீட்டு மீட்டருக்கே பங்கு வந்தால்?

டெல்லியில் 2019-லேயே விர்ச்சுவல் நெட் மீட்டரிங் விதிமுறை வந்துவிட்டது. ஒரே சோலார் பிளான்ட், அதன் யூனிட்கள் பல வீட்டு பில்களில் பங்கு பிரித்துக் கழிக்கப்படும். தனித்தனி வயர் இழுக்க வேண்டாம். கேட்க அழகாக இருந்தாலும், சமமாகப் பிரித்தால் லாபம் சமமாக வராது. ஒரே 50 யூனிட், ஏசி வீட்டுக்கு 500 ரூபாய் மிச்சம் தரும். சிக்கனமான வீட்டுக்கு அதில் பாதிகூட வராது. பொது மீட்டரில் போட்டால் இந்த வம்பு இல்லை.

கொட்டேஷன் வாங்குவதற்கு முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஒன்றை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்க வேண்டும்: உங்கள் பொது இணைப்புக்கு நெட் மீட்டரா, நெட் ஃபீட்-இன்னா? படிக்கட்டு லைட் எரிவது ராத்திரி, சோலார் ஓடுவது பகல். நெட் மீட்டர் என்றால் பகலில் லைனுக்குப் போன யூனிட், இரவு யூனிட்டில் கழியும். ஃபீட்-இன் என்றால் லைனுக்குப் போகும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நாம் வாங்கும் விலையைவிட ரொம்பக் குறைவு. மேலே போட்ட நாலு வருஷக் கணக்கு நெட் மீட்டருக்குத்தான். எதுவானாலும் நிலைக் கட்டணம் குறையாது.

கரன்ட் போனால் லிஃப்ட் ஓடுமா என்பதும் கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி. ஓடாது. லைனில் வேலை செய்யும் ஊழியர்களின் பாதுகாப்புக்காக, மின்வாரிய லைன் நின்றதும் பேட்டரி இல்லாத சோலாரும் தானாக நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் அப்படித்தான். ஜெனரேட்டரை விற்றுவிட வேண்டாம்.