அன்புக்கும் பயிற்சி வேண்டும்

குழந்தை வளர்ப்பைப் பற்றிப் புஸ்தகங்கள் இருக்கின்றன. பத்திரிகைகளில் கட்டுரைகள் வருகின்றன. கோவை மாநகரில் அதற்கென்று கலாசாலையே இருக்கிறது. ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1957-ஆம் ஆண்டில் பெண்களுக்காக மனையியல் கல்லூரியைத் தோற்றுவித்தார். இல்லறத்தை நடத்துவதும் ஒரு சாஸ்திரமே, அதையும் முறையாகக் கற்க வேண்டும் என்ற கொள்கை அப்போதே கொங்கு நாட்டில் வேரூன்றிவிட்டது. ஆனால் அதே வீட்டுத் திண்ணையில், கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருக்கும் அப்பாருவையோ அமுச்சியையோ பேணுவதற்கு மட்டும் கல்வி எதுவும் வேண்டியதில்லை, பாசமே போதும் என்று நாம் எண்ணி வருகிறோம். அந்த எண்ணம் எத்தனை குடும்பங்களைத் தவிக்க வைக்கிறது என்பதை இவ்வாரம் சிறிது ஆராய விரும்புகிறோம்.

வயது ஏறினால் மறதி வருவது இயற்கை. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது நோயன்று. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று விளங்காமல் திகைப்பதுதான் கவனிக்க வேண்டிய அறிகுறி. இதை வைத்தியர்கள் டிமென்ஷியா என்கிறார்கள்; தமிழில் மறதி நோய் என்று வழங்குகிறோம். இதன் வகைகளில் மிகுதியாகக் காணப்படுவது அல்ஸைமர் நோய். ஜெர்மானிய வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர், 1901-இல் தம்மிடம் வந்த 51 வயதுப் பெண்மணி ஒருவரைக் கவனித்து வந்தார். அவ்வம்மையார் 1906-இல் காலமானபின் மூளையைப் பரிசோதித்து, அதில் ஏற்பட்டிருந்த மாறுதல்களை உலகுக்கு எடுத்துரைத்தார். ஆகவே இது பைத்தியமன்று, பிடிவாதமுமன்று, பூர்வஜன்ம பாபமுமன்று. மூளையின் நோய். 2023-இல் வெளியான ஆராய்ச்சிக் கணக்கின்படி, நம் தேசத்தில் 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருக்கிறது.

இவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரியிலா இருக்கிறார்கள்? இல்லை, வீட்டில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளில் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மற்றொருவர் பெங்களூரில், இன்னொருவர் அமெரிக்காவில். தோட்டத்துச் சாளையில் முதியவருடன் மிஞ்சுபவர் மருமகளோ, மகளோ, தாமும் தள்ளாத வயதினரான மனைவியோதான். வைத்தியர் மருந்துச் சீட்டு எழுதித் தருகிறார். மிச்சமுள்ள இருபத்து நான்கு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்று அந்தப் பெண்மணிக்குச் சொல்லிக் கொடுப்பவர் யார்?

ஓர் உதாரணம் கூறுவோம். விடியற்காலை நான்கு மணிக்கு முதியவர் எழுந்து, “ஏங் கண்ணு, கவலைக்கு மாடு பூட்டியாச்சா?” என்று கேட்கிறார். கிணற்றில் மோட்டார் வைத்து ஐம்பது வருஷம் ஆயிற்று. காளைகளும் இல்லை, கவலையும் இல்லை. பயிற்சியில்லாத பாசம் என்ன செய்கிறது? “மாடு எங்கே இருக்கிறது? எத்தனை தடவை சொல்வது?” என்று திருத்துகிறது. பெரியவர் வெகுண்டெழுகிறார், வீடே ரணகளமாகிறது. அவருடைய நினைவில் அந்தக் காளைகள் இன்னும் கட்டுத்தறியில் நிற்கின்றன. “அந்த மயிலைக் காளை எப்படி இழுக்குமுங்க, மாமா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து காளையின் பெருமையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். காப்பி வருவதற்குள் கோபம் தணிந்துவிடும். இதில் பொய்யும் இல்லை, வாதமும் இல்லை. ஆனால் இந்த விடை தானாகத் தோன்றுவதன்று. யாரேனும் கற்பிக்க வேண்டும்.

கற்க வேண்டியவை வேறு பலவும் உண்டு. ஒரு வேளையில் ஒரே காரியத்தைச் சொல்லுதல்; எழுவது, உண்பது, குளிப்பது எல்லாவற்றையும் தினமும் ஒரே நேரத்தில், ஒரே முறையில் நடத்துதல்; கழிப்பறைக் கதவில் படம் ஒட்டி, இரவில் அங்கே விளக்கெரிய விடுதல்; வெளியே போய் வழி தவறினால் உதவும்படி சட்டைப்பையில் விலாசச் சீட்டு வைத்தல்; பத்திரங்களில் கையெழுத்து வாங்க வருவோரிடம் எச்சரிக்கையாக இருத்தல். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: நேற்றுவரை ஓரளவு தெளிவாயிருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடக்கூடாது. சிறுநீர்த் தொற்றோ, நீர்வற்றலோ, புது மருந்தோ காரணமாயிருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். பி-12 சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும்கூட மறதியை உண்டாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

இத்தகைய கல்வியால் பிரயோஜனம் உண்டா என்று கேட்கலாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் 1992-லேயே இந்நோய்க்கென ஓர் அகில இந்தியச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1998-இல் கொச்சியில் நடந்த மகாநாட்டையொட்டி ‘10/66’ என்ற சர்வதேச ஆராய்ச்சிக் குழு பிறந்தது. நோயாளிகளில் 100-க்கு 66 பேர் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 100-க்கு 10 பங்குகூட அவர்களைப் பற்றியதன்று என்பதே அப்பெயரின் பொருள். பின்னர் கோவாவில் 81 குடும்பங்களைக் கொண்டு ஒரு பரீட்சை நடந்தது. உள்ளூர்ப் பாஷை அறிந்த சாதாரண மனிதர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி அளித்து, அவர்களை ஆறு மாத காலம் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பேணுவோரின் மனவேதனை குறைந்தது என்று 2008-இல் அதன் முடிவு வெளியாயிற்று. உலக சுகாதார ஸ்தாபனமும் 2019-இல் ‘ஐ-சப்போர்ட்’ என்ற பாடத்திட்டத்தை வெளியிட்டது. அதன் ஐந்து பகுதிகளில் ஒன்று முழுவதும், பேணுபவர் தம்மைத் தாமே பேணிக்கொள்வதைப் பற்றியது.

நிற்க. மகாத்மா காந்தி நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதில் கொண்டிருந்த ஆர்வம் நேயர்கள் அறிந்ததே. ஆயினும் ஆர்வம் ஒன்றே போதும் என்று அவர் கருதவில்லை. தென்னாப்பிரிக்காவில் வக்கீல் தொழிலுக்கிடையே நேரம் ஒதுக்கி, ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ஊழியம் பழகினார். பிரசவத்தையும் சிசு பராமரிப்பையும் பற்றி நூல் படித்துத் தெரிந்துகொண்டார். கடைசிப் புதல்வர் பிறந்த வேளையில் அந்தப் படிப்பே கைகொடுத்தது. அவர் படித்துப் பழகிய பணியை, நம் வீட்டுப் பெண்கள் படியாமலே செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? அவர்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்பது அதைவிட அநியாயம். வெளியூர்ப் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு கடமை தீர்ந்துவிடாது. வருஷத்தில் சில வாரங்களாவது வந்து தங்கி, பேணுபவருக்கு ஓய்வு தர வேண்டும். உறக்கமிழந்து, மனம் சோர்ந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருப்பவர்கள் 14416 என்ற அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதியோர் சம்பந்தமான உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது.

நாம் வேண்டுவது பெரிய கட்டடமன்று. பொள்ளாச்சியிலும் கோபியிலும் உடுமலையிலும் கிராமந்தோறும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூடுகின்றன. பள்ளிக்கூடங்களில் பெற்றோர் கூட்டங்கள் நடக்கின்றன. மாதம் ஒரு மணி நேரம், விஷயம் அறிந்த வைத்தியரோ செவிலியரோ வந்து இப்பாடத்தை ஊர்ப் பேச்சில் எடுத்துச் சொல்லட்டும். வீட்டில் ஒரு முதியவரைப் பேணி அனுபவப்பட்டவர்கள் எழுந்து பேசட்டும். ஆண்களும் வந்து உட்காரட்டும். முதற்கூட்டத்துக்கு யார் ஏற்பாடு செய்வது என்று ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம். இதைப் படிக்கும் நேயர் தம் ஊரில் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறோம்.