ஆய்வுதானே என்று விட்டுவிடலாமா?



கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டப் போகிறார்கள் என்றால் கடற்கரையே திரண்டு எழும். "கிணறு அல்ல, வெறும் ஆய்வுதான்" என்று சொல்லிவிட்டால் ஏனென்று கேட்பாரில்லை! ஆய்வு முடிந்த இடத்தில்தானே நாளை கிணறு வரப்போகிறது?

நில அதிர்வு ஆய்வு என்றால் என்ன? கரையில் துளையிட்டு வெடி வைப்பார்கள். அல்லது கனரக வாகனங்களால் தரையை அதிரச் செய்வார்கள். கடலில் கப்பலுக்குப் பின்னே காற்றுத் துப்பாக்கிகளைக் கட்டி இழுப்பார்கள். சில விநாடிகளுக்கு ஒருமுறை, இரவு பகலாக, அழுத்திய காற்று தண்ணீருக்குள் வெடிக்கும். அந்த ஒலி கடலடிப் பாறைகளில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்து, எண்ணெய் எங்கே என்று கணக்கிடுவார்கள்.

மீன் என்ன ஆகும்? நார்வே விஞ்ஞானிகள் பாரன்ட்ஸ் கடலில் சோதித்து 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆய்வு நடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீட்டர் தூரம் வரை காட் மீன்பாடு சுமார் பாதியாகக் குறைந்தது. வெடி நின்று ஐந்து நாளாகியும் பழைய நிலை திரும்பவில்லை. ஐந்து நாள் மீன் வராவிட்டால் ஏலக்கூடம், ஐஸ் கம்பெனி, லாரி, வட்டிக்கு வாங்கிய கடன் எல்லாம் என்ன ஆகும் என்று வணிகப் பெருமக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நம் கடலிலும் அதே அளவுதான் பாதிப்பு என்று நாம் வாதிடவில்லை. கடலை நம்பிப் பிழைப்பவனைக் கேட்காமல் அனுமதி எதற்கு என்றுதான் கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, துளையிடாத ஆய்வுகளுக்கு விலக்கு அளித்தது. அந்தப் பகுதிக்கு ஏற்கனவே ஆய்வு அனுமதி இருந்தால் போதுமாம். 2020 ஜனவரியில் மத்திய அரசு இன்னும் ஒரு படி தாண்டி, ஆய்வுக் கிணறுகளையே 'பி2' வகைக்கு மாற்றியது. மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்பதே அதன் பொருள்.

விளைவைக் கண்டோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி. நிறுவனத்திற்கு 2025 மார்ச்சில் அனுமதி கொடுக்கப்பட்டது. ஊருக்குத் தெரிந்தது ஆகஸ்டில்! எதிர்ப்பு கிளம்பிய பின்னரே அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சொன்னது. 2020-ல் டெல்டாவுக்கு வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது ராமநாதபுரம் அதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இந்தக் கரையோரம்தான் இருக்கிறது.

மக்களைக் கேட்பது நடக்காத காரியமா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டயாப்ளோ கேன்யன் அணு உலைக்கு அருகே கடலில் இதே காற்றுத் துப்பாக்கி ஆய்வுக்கு 2012-ல் மாநில நில ஆணையம் அனுமதி கொடுத்தது. எண்ணெய்க்காக அல்ல, நிலநடுக்க ஆபத்தை அறியத்தான்! ஆனாலும் மீனவர்கள் எதிர்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கடலோர ஆணையம் பகிரங்கக் கூட்டம் நடத்தி, ஒருமனதாக அனுமதி மறுத்தது.

இளைஞர்களே! உங்கள் ஊர்க் கடலும் கரைப் புறம்போக்கும் எந்த எண்ணெய் வட்டாரத்தில் வருகின்றன, யாருக்கு என்ன ஆய்வு அனுமதி தரப்பட்டிருக்கிறது என்று பெட்ரோலிய அமைச்சகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பதிலைத் தமிழில் எழுதி மீன் மார்க்கெட்டில் ஒட்டுங்கள். வணிகர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் ஒன்றாக அமர்ந்து, கருத்துக்கேட்பு இல்லாமல் எந்த ஆய்வும் கூடாது என்று தீர்மானம் போடட்டும். அடுத்த கிராம சபையில் அது பதிவாக வேண்டும்.