பூண்டு விதையும் பூந்தண்டும்

கானடா தேசத்தின் ஒன்டாரியோ மாகாணத்தில் 'மியூசிக்' என்னும் பூண்டு ரகம் பெருவாரியாகப் பயிரிடப்பட்டு வருகிறது. இது கெட்டியான நடுத்தண்டுடைய இனத்தைச் சேர்ந்தது. கடுங்குளிர்காலத்தை மண்ணுக்குள் கழித்தாலொழிய இதன் குமிழ் செவ்வையாகப் பற்களாய்ப் பிரிவதில்லை. வசந்தத்தில் நட்டவர்களுக்குப் பெரும்பாலும் பிரியாத ஒற்றைக் குமிழே கிடைக்கும். ஆகையால் அங்குள்ளோர் அக்டோபரில் பற்களை ஊன்றி, வைக்கோலால் மூடி, ஜூலையில் தோண்டியெடுக்கின்றனர். சாகுபடியில் இதற்குமேல் சிரமம் அதிகமில்லை. சிரமம் விதையில்தான் இருக்கிறது.

இந்த ரகத்தின் குமிழொன்றில் சாதாரணமாக 4 முதல் 6 பற்களே உண்டு. எனவே விளைச்சலில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை மறுபடியும் நிலத்துக்கே கொடுத்தாக வேண்டும். அதுவும் பருமனான குமிழ்களாகப் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். சந்தையில் நல்ல விலை பெறுவனவும் அவையே! பெரியவற்றை விற்றுவிட்டுச் சிறியவற்றை நடுகிறவர், பின்னர் குமிழ் சிறுத்துவிட்டதென்று மண்ணை நோவதில் பயனில்லை.

விதையைப் புறத்தே வாங்குவதிலும் அபாயமுண்டு. தண்டையும் குமிழையும் தாக்கும் நூற்புழு கண்ணுக்குப் புலப்படாது. உலர்ந்த பல்லினுள்ளும் உயிரோடு ஒடுங்கியிருக்கும். 2010-ஆம் ஆண்டில் அண்டையிலுள்ள நியூயார்க் மாகாணத்தில் இது கண்டுபிடிக்கப்பட்டபொழுது, விதைக்குமிழ்களோடு பல தோட்டங்களுக்குப் பரவியிருந்தது தெரியவந்தது. ஒருமுறை புகுந்துவிட்டால், அந்நிலத்தில் நான்கு ஆண்டுகளேனும் பூண்டோ வெங்காயமோ இடாதிருத்தல் நலம்.

இந்நிலையில் பூந்தண்டைப் பற்றிச் சிறிது யோசிப்பது உசிதமாகும். ஜூன் மாதத்தில் வளையமாகச் சுருண்டெழும் இத்தண்டை அநேகர் ஒன்றுவிடாமல் ஒடித்துவிடுகின்றனர். அதனால் அடிக்குமிழ் பருக்கிறது. தண்டும் கறிக்கு விலைபோகிறது. விற்பனைக்குரிய பாத்திகளில் அது சரியே. ஆயினும் நோயற்றுச் செழித்த பாத்தியொன்றில் ஒரு வரிசையையாவது ஒடிக்காமல் விடுவது விவேகம். தண்டின் தலையில் நூற்றுக்கு மேற்பட்ட நுண்குமிழ்கள் முதிரும். இவை மண்ணைத் தொடாமல் விளைவதால் மண்ணிலுள்ள நூற்புழுவும் அழுகல் நோயும் இவற்றைப் பெரும்பாலும் அணுகுவதில்லை. நச்சுயிரி நோய்கள் மட்டும் இவற்றின் வழியாகவும் தொடரக்கூடும். ஆகவே தாய்ச்செடியைத் தெரிந்தெடுப்பதில் அலட்சியம் கூடாது.

அரிசியளவேயான இவை முழுக்குமிழாக இரண்டு மூன்று ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் செல்லும். அவ்வளவு காலம் யார் காத்திருப்பதென்பதே பலருடைய ஆட்சேபம். முதல் வருஷத்தில் ஒரு சிறு நாற்றங்கால் போதும். அடுத்த வருஷமும் அதிக இடம் கேளாது. ஐந்திலொரு பங்கு விளைச்சலை ஆண்டுதோறும் விதைக்கு ஒதுக்குகிறவருக்கு, ஒரு மூலையில் மூன்று வருஷம் பெரிதன்று.

விதை விநியோகத்தை மேற்பார்வையிடும் அதிகாரிகளுக்கும் இதில் கடமையுண்டு. வெளிப்பார்வைக்குச் சுத்தமாயிருப்பதைக் கொண்டு திருப்தியடையாமல், அறுவடைக்கு முன்பே வயலில் சில செடிகளைப் பிடுங்கி, வேர்த்தட்டு உளுத்துக் கழன்றுவருகிறதா என்று பார்த்து, சந்தேகமானவற்றைப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பிய பின்னரே விதையென்று எழுதிக் கொடுக்க வேண்டும்.