0.14 டெஸ்லாவுக்குப் பதில் எங்கே?

செர்ன் ஆய்வகம் திட்டமிடும் 91 கி.மீ. வளையத்தில் புரோட்டான்களை மோதவிட, அவற்றை முதலில் முடுக்கி உள்ளே அனுப்பும் முன்முடுக்கிகளைப் பற்றி இப்போதே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், இருப்பதை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்கிறார் ஒரு கட்டுரையாளர்.

1976 முதல் ஓடும் செர்னின் எஸ்.பி.எஸ். முடுக்கி, 450 கிகா எலெக்ட்ரான்வோல்ட்டில் அங்குள்ள எல்.எச்.சி. மோதுவளையத்துக்குப் புரோட்டான் அனுப்புகிறது. ஆகவே புதிய வளையத்துக்கும் அனுப்புமாம். தருக்கம் படித்தவர்கள் இதை ஏதுப்போலி என்பார்கள். எல்.எச்.சி. தனக்கு வந்த ஆற்றலைச் சுமார் 15.6 மடங்கு உயர்த்தினால் 7 டெரா எலெக்ட்ரான்வோல்ட்டை எட்டிவிடும். புதிய திட்டத்தின் 2019-ம் ஆண்டு வடிவமைப்பின் 50 டெராவுக்கோ 111 மடங்கு வேண்டும். உச்சத்தில் 16 டெஸ்லா தரவேண்டிய காந்தம், கற்றை நுழையும்போது 0.14 டெஸ்லாவில் நிற்கும். அத்தனை தாழ்ந்த புலத்தில், மீக்கடத்தி இழைகளுக்குள் ஓயாமல் சுழலும் மின்னோட்டமே புலத்தைக் கோணலாக்கும். ஆற்றல் குறைவென்பதால் கற்றையும் பருத்திருக்கும். பருத்த கற்றையைக் கோணல் புலத்தில், குழாய்ச் சுவரில் உரசாமல், வளையம் நிரம்பும்வரை சுற்றவைப்பது எப்படி? இதற்கு அவரிடம் ஒரு வரி பதில் உண்டா?

அடுத்த பத்தியிலேயே, எல்.எச்.சி.யே 3.3 டெராவில் முன்முடுக்கியாகும், அதுவும் செலவில்லாமல் என்கிறார். எஸ்.பி.எஸ். போதுமென்றால் எல்.எச்.சி. எதற்கு? 27 கி.மீ. காந்தங்களை 1.9 கெல்வினில் குளிர்வித்துக்கொண்டே இருக்கவேண்டும், 91 கி.மீ. வளையத்தை நிரப்ப அதைப் பலமுறை ஏற்றி இறக்கவேண்டும். இப்போதைய வேகம் போதாதென்பதால் மின்வழங்கிகளை மாற்றவேண்டும். இவையெல்லாம் யார் கணக்கில்?

முன்முடுக்கிகளைப் 'பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்பவர் அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அங்கே டெவட்ரான் மோதுவளையத்துக்குப் புரோட்டான் ஊட்டிய பழைய மெயின் ரிங் முடுக்கியின் குழாய், டி-ஸீரோ உணர்கருவியின் ஆற்றல்மானிக்குள்ளேயே புகுந்து போயிற்று. அதன் கற்றை சிதறும் நேரங்களில் தரவுகளை ஒதுக்கித்தள்ள வேண்டியிருந்தது. விடிவு, தனிச் சுரங்கத்தில் 1999-ல் முடிந்த மெயின் இன்ஜெக்டர் என்ற புதிய முன்முடுக்கி. டெக்சாஸின் எஸ்.எஸ்.சி. மோதுவளையத் திட்டத்தில் 1990-ல் நுழைவாற்றலை 1 டெராவிலிருந்து 2 ஆகவும், காந்தத் துளையை 4 செ.மீ.யிலிருந்து 5 ஆகவும் உயர்த்தினார்கள். செலவைத் தூக்கிவிட்டவற்றில் இவையும் உண்டு. 1993-ல் அமெரிக்கக் காங்கிரஸ் அத்திட்டத்தையே கைவிட்டது.

இத்தனையும் அறிந்தவர் ஏன் மறைக்கிறார்? முன்முடுக்கிகளை ஒதுக்கினால் மதிப்பீட்டின் மொத்தத் தொகை சிறுத்துத் தெரியும், ஒப்புதல் தருபவர்கள் எளிதில் தலையசைப்பார்கள். காந்தத் துளையை நிர்ணயிப்பதே நுழைவாற்றல்தான் என்பது அவர்களுக்குத் தெரியாதென்று நம்புகிறார். நமக்கும் தெரியாதென்று நம்புகிறார். கற்றையைக் கொண்டுபோகும் இணைப்புச் சுரங்கங்கள்கூட அவர் பட்டியலில் இல்லை.