சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளர் நினைவிடத்தைப் பேணி மேம்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலவையினர்,
சயாம் மரண ரயில் தொழிலாளர் வாரிசுகள் சங்கம்,
கோலாலம்பூர்.

பெறுநர்:
மாண்புமிகு வெளியுறவு அமைச்சர்,
புத்ராஜெயா.

நகல்: தலைமை இயக்குநர், தேசிய ஆவணக் காப்பகம்; மலேசியத் தூதர், பேங்காக்.

பொருள்: காஞ்சனபுரி நினைவிடப் பராமரிப்பு, இறந்தோர் பெயர்ப் பதிவேடு தொடர்பாக.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

1942–43இல் ஜப்பானிய இராணுவம் தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை அமைத்தது. அதற்காக மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். சில மாத வேலை, நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போனவர்களும் உண்டு. லயத்திலிருந்து வலுக்கட்டாயமாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களும் உண்டு. காலராவுக்கும் மலேரியாவுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் பட்டினிக்கும் அவர்களில் பல்லாயிரவர் பலியாயினர்.

அதே பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளில் 6,900க்கும் மேற்பட்டோர் காஞ்சனபுரிப் போர் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அதைச் செம்மையாகப் பராமரிக்கிறது. அதில் எங்களுக்கு மனநிறைவே. முகாம்களில் கைதிகளாக இருந்த அதிகாரிகள், இறந்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் மறைவாகக் குறித்துவைத்தனர். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளைக் கொண்டே காட்டுக்குள் கிடந்த புதைகுழிகள் தேடி எடுக்கப்பட்டன. ஆனால் தோட்டத் தொழிலாளருக்குப் படைப்பிரிவு இல்லை, அதிகாரி இல்லை, மருத்துவர் அரிது. பெயரை எழுதிவைக்க ஆள் இல்லை. எனவே இறந்தோரின் முழுமையான பெயர்ப் பட்டியல் இன்றுவரை கிடையாது.

மயானத்தை அடுத்துள்ள வாட் தாவோன் வராராம் விகாரையில், பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளருக்கு ஒரு தூபி உள்ளது. தமிழ் அமைப்புகளின் முன்முயற்சியால் 2023இல் அவ்வளாகத்தில் நடுகல்லும் நிறுவப்பட்டது. பாதையை அமைத்த ஜப்பானிய இராணுவமே 1944இல் காஞ்சனபுரி ரயில் பாலத்தருகே எழுப்பிய நினைவுச் சின்னத்தில் தமிழ் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டின் சார்பில் அதைவிட மேலான ஏற்பாடு வேண்டாமா?

கல் நட்டுப் பூச்சூட்டுவதைச் சமூகம் செய்ய முடியும். ஆனால் பிற நாட்டு மண்ணில் உள்ள நினைவிடத்துக்கு நிலையான உரிமை பெறுவதும், பழைய கோப்புகளைத் திறப்பதும் அரசால் மட்டுமே ஆகும். ஆகவே பின்வரும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. பெயர்ப் பதிவேடு: தேசிய ஆவணக் காப்பகத்திலும் பிரிட்டனிலும் உள்ள பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகக் காலக் கோப்புகள், தோட்ட நிறுவனங்களின் செக்ரோல் எனப்படும் தொழிலாளர் பதிவு ஏடுகள், குடும்பத்தினரின் வாய்மொழிச் சாட்சியம் ஆகியவற்றைத் திரட்டிப் பொதுப் பதிவேடு ஒன்றை உருவாக்க வேண்டும். மற்ற நான்கையும்விட இதுவே அவசரம். தந்தையையும் பெரியப்பாவையும் பறிகொடுத்த பிள்ளைகளே இன்று எண்பதைத் தாண்டிவிட்டனர்.

2. பராமரிப்பு உடன்பாடு: தூபி, நடுகல், அவற்றைச் சுற்றிய நிலம் ஆகியவை குறித்துத் தாய்லாந்து அரசுடனும் விகாரை நிர்வாகத்துடனும் எழுத்துப்பூர்வ உடன்பாடு செய்து, ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும். இதே பாதையில் உள்ள ஹெல்ஃபயர் கணவாயில் 1998 முதல் ஆஸ்திரேலிய அரசு நினைவு நிலையம் நடத்திவருவது இதற்கு முன்மாதிரி.

3. வசதிகள்: தமிழ், மலாய், தாய், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வரலாற்றுப் பலகை, மழைநீர் தேங்காத தரை, நிழற்கூரை, முதியோர் சக்கர நாற்காலியில் வர ஏற்ற சாய்தளம் ஆகியன அமைய வேண்டும்.

4. எலும்புகளுக்கு மரியாதை: 1990இல் காஞ்சனபுரியில் கண்டெடுக்கப்பட்ட கூட்டுப் புதைகுழியின் எச்சங்கள் குறித்துத் தாய்லாந்திடம் அறிக்கை பெற வேண்டும். இனியும் இத்தகைய புதைகுழிகள் வெளிப்பட்டால் அங்கு நடக்கும் வேலையை நிறுத்தி, தூதரகத்துக்குத் தெரிவித்து, உரிய சடங்குடன் அடக்கம் செய்யும் நடைமுறை வகுக்கப்பட வேண்டும்.

5. நினைவு நாள்: பாதை இணைக்கப்பட்ட அக்டோபர் மாதத்தில் ஆண்டுதோறும் தூதரகத்தின் தலைமையில் அரசு அஞ்சலி நடைபெற வேண்டும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் ஏற்கும் பொறுப்புகள்: ஆண்டுக்கு இருமுறை தொண்டர்களை அனுப்பி வளாகத்தைத் துப்புரவு செய்வோம். கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள், முன்னாள் தோட்ட மக்களின் குடியிருப்புகள் வழியே குடும்பத் தகவல் படிவங்களைத் திரட்டித் தருவோம். பொதுமக்களிடம் பெறும் நன்கொடைக்குத் தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் அமைச்சிடம் ஒப்படைப்போம். அரசு ஒதுக்கும் நிதி சங்கத்தின் கைக்கு வர வேண்டியதில்லை. தூதரகமே நேரடியாகச் செலவிடட்டும்.

இக்கோரிக்கைகளை ஆராய அமைச்சு, ஆவணக் காப்பகம், வாரிசுகள் சங்கம் ஆகிய மூன்றின் பேராளர்களைக் கொண்ட பணிக்குழுவை வரும் அக்டோபருக்கு முன் அமைக்குமாறும், நேரில் விளக்கச் சந்திப்பு ஒன்றுக்கு நாள் ஒதுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
சங்கச் செயலவையின் சார்பில்