நடுச்சுவரில் ஓட்டை! அடுத்த வீட்டுக்கும் ஆபத்து!

சென்னை திருவல்லிக்கேணி, சவுகார்பேட்டை பக்கம் போனால் வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும். பல இடங்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்மல்! புறநகரில் இதையே ‘ரோ ஹவுஸ்’ என்று சொல்லி விற்கிறார்கள்.

வாங்குகிறவர் தண்ணீர் வருமா, கார் நிறுத்தலாமா என்று துருவித் துருவிக் கேட்பார். பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் நடுச்சுவர் எத்தனை மணி நேரம் தாங்கும்? இதைக் கேட்கிறவர் யார்?

அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரி விதியில் இதற்குக் கணக்கே உண்டு. பொதுச்சுவர் 2 மணி நேரம் தீயைத் தாங்கணும். தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி இருந்தால் 1 மணி நேரம். அஸ்திவாரத்தில் இருந்து கூரை வரை இடையில் விடாமல் போகணும். சுவருக்குள் தண்ணீர்க் குழாய் கூடாது.

“அங்கே மர வீடு. நம்ம வீடு செங்கல் ஆச்சே?” என்பீர்கள். வாஸ்தவம். செங்கல் சுவர் நன்றாகவே தாங்கும். ஓட்டை தாங்குமா? ஏ.சி. குழாய்க்கு ஒன்று, கேபிள் வயருக்கு ஒன்று என்று துளைத்த ஆள் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு கை சிமெண்டு குழைத்து அடைக்க நாதி இல்லை! சில பழைய வீடுகளில் சுவர் கூரையைத் தொடாமலே நின்றுவிடும். மேலே உத்திரமும் மரச்சட்டமும் இந்த வீட்டில் இருந்து அந்த வீடு வரை ஓடும். தீக்கு வேறு பாதை வேணுமா?

இது புது சங்கதியும் அல்ல. 1666-ல் லண்டனில் ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ சுமார் 13,200 வீடுகளைத் தின்றது. மறு வருஷமே செங்கல் அல்லது கல்லில்தான் கட்டணும் என்று சட்டம் வந்தது. 1707-ல் பொதுச்சுவர் கூரைக்கு மேலேயும் 18 அங்குலம் எழும்பணும் என்றார்கள்.

தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள், ‘தொடர் கட்டடப் பகுதி’களில் ஒட்டிக் கட்ட இடம் தருகின்றன. தப்பில்லை. அரை கிரவுண்டுக்காரர் பாவம், வேறெப்படிக் கட்டுவார்? ஆனால் சிறு வீடுகளுக்குக் கட்டி முடித்த சான்றிதழில் இருந்தும் விலக்கு! அப்புறம் யார் வந்து பார்ப்பது?

ஒட்டிக் கட்டும் வீடுகளுக்காவது அந்த விலக்கை எடுக்கணும். குடிபோகும் முன் அதிகாரி ஒருத்தர் வந்து, நடுச்சுவர் கூரையைத் தொடுகிறதா, ஓட்டையெல்லாம் அடைத்தாச்சா என்று பார்க்கட்டும். ஒரு ஏணி, ஒரு டார்ச் லைட், பத்து நிமிஷ வேலை.